கூட்டம் கத்தும்போது கை ஏன் நடுங்குகிறது? – விளையாட்டு வாசகர் கேள்வி பதில்

மார்ச் நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் பாடசாலைக் கிரிக்கெட்டின் பிக் மட்சில்தான் வந்து நிற்கும். இம்முறை வந்த கடிதங்களும் அப்படித்தான். விளையாடுகிற பிள்ளைகள், தாய் தகப்பன்மார், கயிற்றுக்கு வெளியே நின்று தொண்டை வரளக் கத்துகிறவர்கள் என்று எல்லாத் தரப்பும் எழுதியிருக்கிறது. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயர், பாடசாலை, கழகம் எதையும் போடவில்லை. சின்ன இடம், யாரென்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: இந்த வருடம்தான் முதல் தடவையாக பிக் மட்ச் ஆடப்போகிறேன். பயிற்சியில் எத்தனை கட்ச் தந்தாலும் விடமாட்டேன். போன கிழமை ஒரு மட்சில் பவுண்டரியில் நின்றபோது பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், கை நடுங்கி லேசான கட்ச் ஒன்றை விட்டுவிட்டேன். பிக் மட்சுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும், கனடா, லண்டனில் இருந்தும் யூரியூப்பில் பார்ப்பார்கள். நித்திரை வருகுதில்லை. – மாணவன், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, கை நடுங்கியதை வைத்து உமக்குத் திறமை காணாது என்று முடிவுகட்ட வேண்டாம். உடம்பு எதையாவது ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், இரத்தம் தொடை, தோள் மாதிரிப் பெரிய தசைகளுக்குப் போகும், விரல்கள் குளிர்ந்து இறுகும். ஓடிப்போய்ப் பந்தை மறிப்பதற்கு இது நல்ல உதவிதான். ஆனால் உயரத்திலிருந்து இறங்கி வருகிற பந்தை வாங்குவதற்கு விரல் இளகியிருக்க வேண்டும், அங்கேதான் பிசகுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சியன் பெய்லொக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், நன்றாக உதைபந்தாடுகிறவர்களைத் தடைகளுக்கிடையில் பந்தைத் தட்டிக்கொண்டு போகச் சொல்லி, பந்து காலின் எந்தப் பக்கத்தில் படுகிறது என்று கவனிக்கவும் சொன்னார்கள். கவனிக்கத் தொடங்கியதும் அவர்கள் மெதுவாகிப் போனார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை. நன்றாகக் கைவந்த ஒரு வேலையில் மனம் குறுக்கே புகுந்து ‘நான் சரியாகச் செய்கிறேனா’ என்று பார்க்க வெளிக்கிட்டால்தான் வேலை குழம்புகிறது. அன்றைக்கு உமது பெயர் காதில் விழுந்ததும் நீர் பந்தைப் பார்ப்பதை விட்டு உம்மையே பார்க்கத் தொடங்கியிருப்பீர் என்று நினைக்கிறேன்.

ஆகவே இனி அமைதியான மைதானத்தில் கட்ச் எடுத்துப் பழகுவது மட்டும் போதாது. உமது பயிற்றுநரிடம் கேட்டு, சின்னப் பெடியள் பத்துப் பேரைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தி, உமது பெயரைச் சொல்லி, நக்கல் அடித்து, பாண்ட் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டு, அதற்குள் உயரப் பந்துகளை அடிக்கச் சொல்லும். முதல் நாள் சிரிப்பாக இருக்கும், இரண்டாம் நாள் எரிச்சல் வரும், கொஞ்ச நாளில் காது அந்தச் சத்தத்தைக் காற்று மாதிரி எடுத்துக்கொள்ளும். மட்ச் நாளில் ஒவ்வொரு பந்துக்கும் இடையில் தலையைக் குனிந்து காலடியில் உள்ள புல்லைப் பாரும், மூச்சை உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடும், பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது மட்டும் நிமிரும். மட்ச் நடக்கிற மூன்று நாளும் முழுநேரமும் கவனமாக நிற்க எவராலும் முடியாது. ஒரு பந்துக்கு ஒரு சில நொடி என்றால் எல்லாராலும் முடியும். பிறகு, இதுதான் முக்கியம், ஒரு கட்ச் தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து வையும். பந்தை எடுத்து விக்கெட் காப்பாளருக்கு ஒழுங்காக எறிந்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்து நில்லும், கப்டன் மாற்றினால் ஒழிய நீராக வேறு இடம் கேட்க வேண்டாம். கைத்தொலைபேசியை மூன்று நாளைக்கு அம்மாவிடம் கொடுத்துவிடும்.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும் சமர் 1904 இல் தொடங்கியது, சென். பற்றிக்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுகிற பொன் அணிகளின் போர் 1917 இல். யுத்தத்தால் இந்த மட்சுகளை நடத்த முடியாமல் போன வருடங்களும் இருக்கின்றன. அந்த வருடங்களில் பள்ளிக்கூடம் படித்த ஆட்களில் பலர் இன்றைக்கு ரொறொன்ரோவில் நடுச்சாமத்தில் நித்திரை முழித்திருந்து உம்மைப் பார்க்கிறார்கள். அவர்கள் கூப்பிடுவது உமது பெயராக இருக்கலாம், ஆனால் தேடுவது தங்களுடைய மைதானத்தை, தங்களுடைய பதினெட்டு வயதை. அவ்வளவு பெரிய ஏக்கத்தை ஒரு பெடியனால் மூன்று நாளில் தீர்த்துவைக்க முடியாது, அதை யாரும் உம்மிடம் எதிர்பார்க்கவும் கூடாது. உமது வேலை அடுத்த பந்து. அவர்களுடைய அன்பை மட்ச் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளும், அது எங்கேயும் போய்விடாது.

கேள்வி: என் மகன் ஊர்க் கழகத்துக்குக் கோல் காப்பாளர். இறுதிப் போட்டியில் கையில் வந்த பந்து நழுவிக் கோலாகிவிட்டது. அன்றிரவே வட்ஸ்அப் குழுவில் காசு வாங்கிவிட்டான் என்றும் எழுதினார்கள். இரண்டு கிழமையாகச் சந்திக்குக்கூடப் போகிறானில்லை. – தாய், கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கனநேரம் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

நாவாந்துறை, குருநகர், பாசையூர், இளவாலை, மயிலிட்டி என்று எங்களுடைய கரையோரம் முழுக்க உதைபந்தாட்டத்தில் ஊறியது. அங்கே பல மைதானங்களில் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியும் இல்லை, இருக்கையும் இல்லை. வலைக்கு ஒரு முழம் பின்னால் சனம் நிற்கும், கச்சான் கோது காப்பாளரின் முதுகில் வந்து விழும், அவர் தாயைப் பற்றிச் சொல்லப்படுகிற ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். முன்வரிசையில் விளையாடுகிறவன் பத்துத் தரம் வெளியே அடித்தாலும் பதினோராவதில் கோல் போட்டால் தோளில் தூக்குவார்கள். காப்பாளருக்கு அந்தக் கணக்கு இல்லை. அவர் தடுத்த பத்தையும் மறந்துவிட்டு விட்ட ஒன்றைத்தான் பேசுவார்கள். உங்கள் மகன் அந்த இடத்தில் நிற்கத் துணிந்தவர் என்பதை முதலில் நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். ‘பரவாயில்லை, மறந்துவிடு’ என்று சொல்ல வேண்டாம். அவரால் மறக்க முடியாது, சொல்லச் சொல்லக் கோபம்தான் வரும். அந்தக் கோலைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேச இடம் கொடுங்கள். பந்து ஈரமா, வெயில் கண்ணில் அடித்ததா, கால் மணலில் புதைந்ததா என்று அவரே சொல்லட்டும். நடந்தது ஒரு விளையாட்டுப் பிழை, குணக்கேடு அல்ல என்பது அப்படிப் பேசும்போதுதான் அவருக்கே விளங்கும்.

கழகத்தின் கப்டனையோ பயிற்றுநரையோ வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம், ‘நாளைக்குப் பின்னேரம் பயிற்சி, வா’ என்று கூட்டிக்கொண்டு போனால் போதும். இரண்டு கிழமை என்பது இன்னும் பயப்படுகிற அளவு இல்லை. ஆனால் சாப்பாடு, நித்திரை குறைந்துகொண்டே போனால், அல்லது இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஏதாவது ஒரு சொல் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

இனிச் சொல்வது உங்களுக்கு அல்ல, அந்த வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு. 1950 இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் உலகக் கிண்ணத்தைத் தீர்மானித்த மட்சில் பிரேசில் 2–1 என்று உருகுவேயிடம் தோற்றது. உருகுவேயின் கிக்ஜியா அடித்த இரண்டாவது கோல், பிரேசில் காப்பாளர் பார்போசாவுக்கும் அருகில் இருந்த கம்பத்துக்கும் இடையால் போனது. பார்போசா இறந்தது 2000 ஆம் ஆண்டு. இடைப்பட்ட ஐம்பது வருடமும் அந்த ஒரு பந்தை அவர் தலையில்தான் கட்டி வைத்திருந்தார்கள். பிரேசிலில் ஆகக்கூடிய தண்டனையே முப்பது வருடம்தான், நான் ஐம்பது வருடமாக அனுபவிக்கிறேன் என்ற கருத்தில் அவர் வயதுபோன காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு நாடு ஒரு மனிதனுக்குச் செய்தது இது. நீங்கள் ஒரு கிராமம், அந்தப் பிள்ளை தினமும் உங்கள் வீட்டு வாசலால் போய்வர வேண்டியவன். காசு வாங்கினான் என்று எழுதியவர் ஆதாரம் இருந்தால் கழகத்திடம் கொடுக்கட்டும், இல்லையென்றால் அதே குழுவில், அதே ஆட்கள் பார்க்க, மன்னிப்பு எழுதட்டும்.

கேள்வி: கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். நாங்கள் ரிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம். சரியாக விளையாடாவிட்டால் திட்டுவது எங்கள் உரிமைதானே? – ஐபிஎல் ரசிகர், சுன்னாகம்

பதில்: அடித்த ஷொட் பிழை, வீசிய லைன் பிழை, ரீமில் எடுத்ததே பிழை என்று எவ்வளவும் சொல்லுங்கள். அதற்கு ரிக்கெட்கூடத் தேவையில்லை, மதவடியில் இருந்தே சொல்லலாம், நாங்களும் சொல்கிறோம். ஆளையும் அவன் பெண்சாதி பிள்ளைகளையும் சொல்வதற்கு எந்த விலையிலும் ரிக்கெட் விற்பதில்லை.

பெரிய நகரத்து ரசிகர்கள் என்றால் எப்படி என்பதற்கு மும்பையைப் பாருங்கள். 2024 ஐபிஎல்லில் ரோஹித் சர்மாவின் இடத்துக்கு ஹர்திக் பாண்டியாவைக் கப்டனாகப் போட்டார்கள். அந்தத் தீர்மானம் எடுத்தது அணி நிர்வாகம், ஆனால் ஹூ என்று கத்தியது முழுக்க ஹர்திக்கைப் பார்த்து, அதுவும் சொந்த வான்கடே மைதானத்திலேயே. நாணயச் சுழற்சி நேரம் மைக் பிடித்திருந்த சஞ்சய் மஞ்ச்ரேக்கர் ரசிகர்களைப் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. ஜூன் 29 அன்று ரி20 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் தென்னாபிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 16 ஓட்டம் தேவைப்பட்டபோது பந்து அதே ஹர்திக்கின் கையில் இருந்தது, இந்தியா 7 ஓட்டத்தால் வென்றது. ஜூலை 4 அன்று கிண்ணத்தோடு வான்கடேக்குள் வந்தபோது ஹர்திக், ஹர்திக் என்று அதே மைதானம் அதிர்ந்தது. மூன்று மாதத்தில் ஆள் மாறவில்லை. இதைச் சிலர் அழகான கதை என்று சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஓவரில் அவர் தோற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் வருகிற கேள்வி.

தோற்ற பிறகு ஒரு கூட்டம் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அந்த நகரத்தின் விளையாட்டறிவை நான் மதிப்பிடுவேன். 1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் 271 என்ற இலக்கை நோக்கி, முதுகுவலியோடு நின்ற சச்சின் 136 அடித்து, வெற்றிக்கு 17 ஓட்டம் இருக்கும்போது ஆட்டமிழந்தார். மிச்ச மூன்று விக்கெட்டும் நான்கு ஓட்டத்துக்குள் விழ, 12 ஓட்டத்தால் தோல்வி. சேப்பாக்கம் எழும்பி நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. வசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதமே கொல்கத்தா ஈடன் கார்டனில் அதே இரண்டு அணிகள். சச்சின் சொயிப் அக்தருடன் மோதி ரன் அவுட் ஆனதும் பொருட்கள் பறந்தன, கடைசி நாளில் கூட்டத்தை முழுக்க வெளியேற்றிவிட்டு வெறும் மைதானத்தில் மட்சை முடித்தார்கள். அதே ஈடனில்தான் 1996 உலகக் கிண்ண அரையிறுதியில் இலங்கையின் 251 ஓட்டத்துக்கு இந்தியா 98 க்கு 1 என்று இருந்து 120 க்கு 8 என்று சரிந்தபோது போத்தல்கள் பறந்து, இருக்கைகள் எரிந்து, போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் மட்சை இலங்கைக்குக் கொடுத்தார். வினோத் கம்ப்ளி அழுதுகொண்டே வெளியே போனதை ரிவியில் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கொல்கத்தாவுக்குக் கிரிக்கெட்டில் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பாசம் கூடிய இடம்தான் அது. அன்றைக்கு அந்தப் பாசம் தோல்வியைத் தாங்கவில்லை.

இது போத்தலோடு நிற்பதும் இல்லை. 1994 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிராகத் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர் அந்திரேஸ் எஸ்கோபார், பத்தாவது நாள், தன் சொந்த நகரமான மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். உரிமை என்று எழுதுவதற்கு முதல் இதையும் ஒருக்கால் யோசியுங்கள் தம்பி.

கேள்வி: சொந்த மைதானம் உண்மையாகவே உதவுமா, அல்லது சும்மா கதையா? – வாசகர், சாவகச்சேரி

பதில்: உதவும். அது நன்றாகத் தெரிந்தது கொரோனா காலத்தில். 2020 மே மாதம் ஜேர்மனியின் புண்டஸ்லீகா கூட்டமே இல்லாமல் திரும்பத் தொடங்கியது, பிறகு மற்ற நாடுகளும். அந்த மட்சுகளை ஆராய்ந்த பலர் கண்டது, சொந்த மைதானத்தில் வெல்வது குறைந்திருந்தது, வெளியூர் அணிக்குக் காட்டப்படுகிற மஞ்சள் அட்டையும் குறைந்திருந்தது. அதாவது கூட்டத்தின் சத்தம் விளையாடுகிறவனை மட்டுமல்ல, மத்தியஸ்தரையும் அசைத்திருக்கிறது!

எங்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. லங்கா பிரீமியர் லீக்கில் (எல்பிஎல்) யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்த அணி 2020, 2021, 2022, 2024 என்று நான்கு தரம் கிண்ணம் எடுத்தது. முதல் வருடம் எல்லா மட்சும் அம்பாந்தோட்டையில், கூட்டம் இல்லாமல். அதற்குப் பிறகும் அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை என்றுதான் போனதே தவிர இங்கே ஒரு பந்துகூட வீசப்படவில்லை. சொந்த மைதானமே இல்லாமல் நான்கு கிண்ணம். மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். கட்டி முடியட்டும், யாழ்ப்பாணத்துக் கூட்டம் எப்படிக் கத்தும் என்று நாடு பார்க்கட்டும். அதற்கு முதல் எப்படிக் கத்தக் கூடாது என்பதையும் பழகிவிட்டால் நல்லது.

கேள்வி: வலைப்பந்தாட்டம் விளையாடுகிறேன், மாவட்ட அணியில் இருக்கிறேன். உயரம் கூட என்பதால் ரோட்டால் போகும்போது நக்கல். மட்சில் உடுப்பைப் பற்றியும் கத்துகிறார்கள். விட்டுவிடலாமா? – மாணவி, வலிகாமம்

பதில்: விட வேண்டாம் தங்கச்சி. புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். அந்த உயரத்தை வைத்துத்தான் இலங்கை 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. வளையத்துக்குக் கீழே அவர் நின்றபோதெல்லாம் எதிரணி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. பந்தை உயரப் போட்டாலே போதுமாக இருந்தது, மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டார். உயரம் உமக்குக் கிடைத்த சொத்து, அதைக் கூனிக் குறுகி மறைத்தால் முதுகுதான் நோகும்.

உடுப்பைப் பற்றிக் கத்துவது வேறு விசயம், அது மட்ச் அழுத்தம் அல்ல, தொல்லை. அதைத் தாங்கிப் பழக வேண்டும் என்று உம்மிடம் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பொறுப்பாசிரியரிடம் சொல்லும், மத்தியஸ்தரிடமும் சொல்லலாம். ஒழுங்காக நடத்துகிற சுற்றுப்போட்டியில் அப்படிக் கத்துகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மட்சைத் தொடர வேண்டும்.

கேள்வி: கொழும்பில் ஒரு கழகத்தில் பந்துவீச வரச் சொல்லியிருக்கிறார்கள். சிங்களம் சரியாக வராது. அங்கேயுள்ள கூட்டத்தை நினைத்தால் பயம். – சுழல்பந்து வீச்சாளர், பருத்தித்துறை

பதில்: போம் தம்பி. யாழ். மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் பத்தொன்பது வயது முடிவதற்கு முதலே எல்பிஎல்லில் பந்துவீசி, முதல் விக்கெட்டாக ஏஞ்சலோ மத்தியூஸை எடுத்தார். 2024 மே 8 அன்று ஹைதராபாத்தில் ஐபிஎல்லிலும் இறங்கினார். அந்த மட்சைக் கொஞ்சம் கவனித்துப் பாரும். விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் நான்கு ஓவருக்கு 27 ஓட்டம்தான். அன்றைக்கு லக்னோ 165 எடுத்தது, அதை வியாஸ்காந்தின் ஹைதராபாத் அணிக்காக ஹெட்டும் அபிஷேக்கும் பத்து ஓவர் முடிவதற்குள் அடித்துத் தள்ளினார்கள், அப்படிப்பட்ட ஆடுகளம். அந்தப் பெரிய மைதானத்தில், முதல் மட்சில், ஒரு லெக் ஸ்பின்னர் தன் லென்தை விடாமல் நான்கு ஓவரை முடித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விக்கெட் தேடி அவதிப்பட்டிருந்தால் ஐம்பது போயிருக்கும்.

கூட்டத்துக்குப் பயம் என்றால் முரளியை நினையும். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சனத்துக்கு முன்னால் மத்தியஸ்தர் டரல் ஹெயார் ஏழு தரம் நோ போல் என்று கை நீட்டினார். அதற்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போதெல்லாம் அவர் பந்து போட ஓடினால் கூட்டமே நோ போல் என்று கத்தும். 2004 இல் அந்தச் சுற்றுப்பயணத்துக்கே அவர் போகவில்லை. அதையும் பெலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, சில சத்தங்களுக்கு விலகி நிற்பதும் ஒரு தீர்மானம்தான். 2010 இல் காலியில் தன் கடைசி டெஸ்டில், கடைசிப் பந்தில், 800 ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

மொழிக்கு இப்போதே ஆளைப் பிடியும். களத்தில் தேவைப்படுகிற சொற்கள் கொஞ்சம்தான், பீல்டிங் மாற்றுவது, ஓட்டத்துக்குக் கூப்பிடுவது, கப்டன் சொல்வதை விளங்குவது. ஒரு மாதத்தில் பழகலாம். முதல் பருவத்தில் யாராவது எங்கள் ஊர் ஆட்கள் வீட்டிலோ அறையிலோ சேர்ந்து இருக்கப் பாரும், பின்னேரத்தில் தமிழில் கதைக்க ஒரு ஆள் இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

கேள்வி: மனநலம் என்று சொல்லி நடுவில் விலகுகிற வீரர்களைப் பார்த்தால் கோழைகள் மாதிரித் தெரிகிறது. முந்தி இப்படியா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்

பதில்: ஐயா, முந்தியும் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. அவுஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் கிளென் மக்ஸ்வெல் 2019 ஒக்டோபரில் அடிலெய்டில் இலங்கையின் பந்துவீச்சை 28 பந்தில் 62 என்று அடித்துவிட்டு, அதே தொடருக்குள் மனம் களைத்துவிட்டது என்று சொல்லி விலகினார். பார்த்தவர்களுக்கு அவர் உச்சத்தில் இருக்கிற மாதிரித்தான் தெரிந்திருக்கும். 2023 நவம்பரில் அதே மனிதர் வான்கடேயில் கால் பிடித்து இழுக்க, ஓட முடியாமல் நின்ற இடத்தில் நின்றே ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 201 அடித்தார். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடுவில் விலகினார், பாரிஸில் மூன்று தங்கத்தோடு திரும்பினார். கோழைகள் செய்கிற வேலையாக எனக்கு இவை தெரியவில்லை.

கேள்வி: என் மகன் 13 வயதுக்குட்பட்ட அணியில் விளையாடுகிறான். நான் மட்சுக்கு வர வேண்டாம் என்கிறான். நான் நல்லதுக்குத்தான் கயிற்றடியில் நின்று சொல்லிக்கொடுக்கிறேன். – தகப்பன், மானிப்பாய்

பதில்: நீங்கள் நல்லதுக்குத்தான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளைக்கு மைதானத்தில் ஆயிரம் பேருடைய சத்தத்தையும் தள்ளிவைக்க முடியும், உங்களுடைய ஒரு குரலைத் தள்ளிவைக்க முடியாது. அவன் பந்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். பயிற்றுநர் முன்காலில் ஆடு என்கிறார், நீங்கள் பின்னுக்குப் போ என்கிறீர்கள், அவன் இரண்டுக்கும் நடுவில் நின்று போல்ட் ஆகிறான்.

போகாமல் விட வேண்டாம். அவனிடம் நேரடியாகக் கேளுங்கள், ‘நான் வந்து தூர நின்று பார்த்தால் சரியா’ என்று. சரி என்றால் சைற் ஸ்கிறீனுக்கும் பெவிலியனுக்கும் அப்பால், அவன் கண்ணுக்குப் படாத ஒரு வேப்பமர நிழலைப் பார்த்து நில்லுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கைதட்டுங்கள், எதிரணிப் பெடியன் நல்லதொரு கட்ச் எடுத்தால் அதற்கும். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது மட்சைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம், பசிக்கிறதா, ரோல்ஸ் சாப்பிடுவமா என்று கேளுங்கள். அவன் கதைக்கத் தொடங்கினால் காது கொடுங்கள், திருத்த வேண்டியதை அடுத்த பயிற்சிக்கு விடுங்கள், அதையும் பயிற்றுநர் சொல்லட்டும்.